அறுபத்தைந்து மீட்டர் இறக்கையும் என் மாப்பிள்ளையும்

ஜனவரி 18, வியாழன்
ஸ்ரீபெரும்புதூர் பக்கம், இறக்கை ஏற்றும் யார்டு

எங்கள் லாரி கம்பெனி மேனேஜர் டேனியல் சார் இந்த நோட்டைக் கையில் கொடுத்து, "செங்கோட்டுவேல், தினமும் சாயங்காலம் எழுதணும். எங்க வளைவு, எங்க மரம் தாழ்வா இருக்கு, எங்க மண்ணு மெத்துன்னு இருக்கு, எல்லாம். பின்னால இன்னும் ரெண்டு பிளேடு வருது. யாரு ஓட்டினாலும் உங்க நோட்டப் பாத்துத்தான் வருவாங்க" என்றார். எல்லாம் எழுதணும் என்று சொன்னதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்குச் சங்ககிரி. வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருஷமாக லாரி. காஷ்மீர் ஆப்பிள், நாக்பூர் ஆரஞ்சு, அசாம் டீத்தூள் எல்லாம் ஏற்றியாயிற்று, கடைசி நான்கு வருஷம் சிமெண்டு. ஒரு வண்டியையும் உரசியதில்லை. ஆனால் காற்றாலை இறக்கை, அதாவது பிளேடு, இதுதான் முதல் தடவை. ஒரு காற்றாலைக்கு மூன்று இறக்கை. ஒன்றின் நீளம் அறுபத்தைந்து மீட்டர். கனம் பெரிதில்லை, நீளம்தான் வம்பு. கயத்தாறு பக்கம் கொண்டுபோய்க் கீறல் இல்லாமல் இறக்கினால் இந்த வண்டி எனக்கு நிரந்தரம். கீறல் விழுந்தால் பழையபடி சிமெண்டு. டீக்கடையில் இறக்கை வண்டி டிரைவர் வந்தால் மற்ற டிரைவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். எனக்கு அந்த மரியாதை வேண்டும். வெட்கப்படாமலே எழுதுகிறேன்.

இந்த வண்டியின் பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்ப ஓர் ஆள் உண்டு. வளைவு வந்தால் கழுத்தில் ரிமோட் பெட்டியை மாட்டிக்கொண்டு வண்டியோடு நடப்பார். வரவேண்டியவருக்கு மஞ்சள் காமாலை என்று மாற்று ஆளை அனுப்பியிருக்கிறார்கள். அவர் வந்து நின்றதைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

பொங்கியண்ணன். என் தங்கை தெய்வானையின் வீட்டுக்காரர். நான்கு வருஷமாக நான் முகத்தில் விழிக்காத மாப்பிள்ளை.

ஜனவரி 19, வெள்ளி

புறப்பட்டோம். பகலில் மட்டும்தான் ஓட்ட அனுமதி. 21 கி.மீ. யார்டு வாசலில் திரும்பவே ஒரு மணி நேரம் ஆனது.

முன்னால் வழிகாட்டிப் போகும் பைலட் ஜீப்பில் சூசை. வேம்பாற்றுக்காரர், வாய் ஓயாதவர். மூன்று பேர் கையிலும் வாக்கி டாக்கி. நான் பேசுவது பின்னால் இருப்பவருக்கு நேராகவே கேட்கும். ஆனாலும் நான், "சூசை, கிளீனர் பக்கம் ஒடிக்கச் சொல்லுங்" என்பேன். சூசை, "அண்ணாச்சி கிளீனர் பக்கம் ஒடிக்கச் சொல்லுதாவ" என்பார். அதன் பிறகுதான் பின்சக்கரம் திரும்பும். அங்கிருந்து பதில் வருவதும் இதே வழியில்தான்.

லாரிக்காரர்கள் லெஃப்ட், ரைட் என்று சொல்வதில்லை. வண்டிக்கு வலது டிரைவர் பக்கம், இடது கிளீனர் பக்கம். ஆள் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அது மாறாது. பின்னால் வரும் டிரைவர்களுக்கு இது தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 20, சனி

செங்கல்பட்டு தாண்டியாயிற்று. 38 கி.மீ. ஒரு பள்ளிக்கூட வேன் பக்கத்தில் வந்தது. பிள்ளைகள் இறக்கையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எண்ணிக்கொண்டே போனார்கள். எதை எண்ணினார்கள் என்று தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 21, ஞாயிறு
திண்டிவனம்

சூசை இன்று கேட்டேவிட்டார். "ஏன் அண்ணாச்சி, சொந்தக்காரவங்கதான, அப்புறம் என்ன பேச மாட்டேங்கிய?"

சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன், நியாயம் யார் பக்கம் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், சித்திரையில், தங்கையின் மூத்த பெண் நித்திலாவுக்குக் காது குத்து. அண்ணமார் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தெய்வானைக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். நாக்பூரிலிருந்து இரவு பகலாக ஓட்டி வந்தேன். வரும் வழியில் தொப்பூருக்கு அந்தப் பக்கம் டயர் வெடித்துவிட்டது. மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனால் எல்லாம் முடிந்து பந்தி நடக்கிறது. எங்கள் சித்தப்பா மகன், மளிகைக் கடைக்காரன், அவன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். லாரி ஓட்டுகிறவனுக்கு டயர் வெடிக்காதா? கொஞ்சம் பொறுக்கக் கூடாதா? "மாமன் வர்ற நேரமாங் இது?" என்று பந்தியில் வைத்துக் கேட்டவர் இந்தப் பொங்கியண்ணன். இலையில் உட்காராமல் திரும்பி வந்தவன்தான். அதன் பிறகு அவர்களுக்கு இரண்டாவது பெண் பிறந்திருக்கிறாள், மகிழா. அவளை நான் பார்த்ததுகூட இல்லை. அதுவும் அவர்கள் தப்புதான்.

சூசை, "டயரு வெடிச்சா மனுசன் என்ன செய்வான்" என்றார். நல்ல மனிதர்.

45 கி.மீ.

ஜனவரி 22, திங்கள்

நோட்டை சீட்டில் வைத்துவிட்டு பெட்ரோல் பங்கில் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் நேற்று எழுதியதற்குக் கீழே வேறு கையெழுத்து.

"டயர் வெடிக்கவில்லை. டயர் மாற்றிய ஆளின் வேட்டி அவ்வளவு வெள்ளையாக இருக்காது. வண்டி முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாலை புதிது. குழந்தை பசியில் அழுதது, ஒன்றரை மணி நேரம் பொறுத்தோம். பொ."

அடுத்தவர் நோட்டைப் படிப்பது எந்த ஊர்ப் பழக்கம்? தண்ணீர் சொட்டினால் மழை பெய்திருக்கும். சித்திரையில் மழை பெய்யக் கூடாது என்று சட்டமா?

பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழித்தால் அலுவலகத்தில் ஏன் என்று கேட்பார்கள். விட்டுவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் பொறுத்தது எனக்குத் தெரியாது.

70 கி.மீ. உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் ஒரு புளியமரம் தாழ்வு. நுனியை டிரைவர் பக்கம் ஒதுக்கி எடுக்கவும்.

ஜனவரி 24, புதன்
பெரம்பலூருக்கு முன்னால்

இன்று என் வேலை போயிருக்கும்.

பால வேலைக்காக ரோட்டை மறித்து மண் பாதையில் திருப்பிவிட்டிருந்தார்கள். சூசை ஜீப்பை விட்டு இறங்கி, முன்னால் எங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் வழக்கம்போல, "கிளீனர் பக்கம் ஒடிக்கச் சொல்லுங்" என்றேன். எங்களைப் பார்த்து நின்றவருக்குக் கிளீனர் பக்கம் வலது கைப் பக்கமாக இருந்திருக்கிறது. அவசரத்தில், "ரைட்ல ஒடிக்கச் சொல்லுதாவ" என்றுவிட்டார். பொங்கியண்ணனுக்கு என் குரலும் கேட்டது, சூசை குரலும் கேட்டது. என் குரலைக் கேட்கக் கூடாது என்ற வைராக்கியம். ரைட்டில் ஒடித்தார்.

பின்சக்கரம் மெத்து மண்ணில் இறங்கிவிட்டது. "நிறுத்துங்க" என்று சூசை கத்தியதும் பிரேக்கை மிதித்தேன். இறங்கி ஓடிப் பார்த்தால் இறக்கையின் நுனிக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் என் ஒரு சாண்தான். கையை வைத்தே அளந்தேன்.

கிரேன் வந்து தூக்கிவிட மூன்று மணி நேரம். டேனியல் சார் போனில், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கயத்தாறோட நீங்க சிமெண்டுக்குப் போயிடலாம், அவரு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

நானும் பொங்கியண்ணனும் டிரெய்லரின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக உட்கார்ந்திருந்தோம். தப்பு யாருடையது என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

ஜனவரி 25, வியாழன்

காலையில் சூசை தன் வாக்கி டாக்கியை பானட் மேல் வைத்துவிட்டார். "இனிமே நான் நடுவுல நின்னு பேச மாட்டேன். நாப்பது வயசுக்கு மேல ஆயிட்டு, நீங்க ரெண்டு பேரும் என்ன சின்னப் பிள்ளையளா? நேரா பேசிக்கிடுங்க. இல்ல, நான் ஜீப்பத் திருப்பிக்கிட்டு வேம்பாறு போறேன்."

அதனால் இன்று நேராகப் பேசினோம்.

"கிளீனர் பக்கம் ரெண்டடி."

"ஆச்சு."

"நேர் பண்ணலாம்."

"ஆச்சு."

மச்சானும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. பெயர் சொல்லாமல், முறை சொல்லாமல் ஒரு நாள் முழுக்கப் பேச முடியும் என்று இன்றுதான் தெரிந்தது. ஆனால் வேலை வெண்ணெய் மாதிரி போனது. திருச்சி பைபாஸில் திரும்பும்போது சுங்கச்சாவடிப் பையன்கள் கைதட்டினார்கள். எழுதக் கூடாது, இருந்தாலும் எழுதுகிறேன்: பொங்கியண்ணன் வேலையில் கெட்டிக்காரர். நான் ஸ்டியரிங்கைத் தொடும்போதே எவ்வளவு ஒடிக்கப் போகிறேன் என்று அவருக்குத் தெரிகிறது. ஐந்து வருஷமாக இதையே செய்கிறாராம். எனக்கு இது முதல் தடவை என்பதை அவர் யாரிடமும் குத்திக் காட்டவில்லை. நானாக இருந்தால் காட்டியிருப்பேன்.

102 கி.மீ.

ஜனவரி 26, வெள்ளி
துவரங்குறிச்சி

குடியரசு தினம், ஓடக் கூடாது என்று போலீஸ் நிறுத்திவிட்டது. துணி துவைத்தேன். கண்ணாடி துடைத்தேன். இறக்கை கட்டிய பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன்.

மதியம் பொங்கியண்ணன் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கினார். ஒரு தட்டில் போட்டு, எதுவும் சொல்லாமல் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மேலே நெய். உப்பு கொஞ்சம் குறைவு. மூன்று தடவை போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 28, ஞாயிறு
கோவில்பட்டி தாண்டி

நாற்கரச் சாலையை விட்டு இறங்கினோம். இனி நல்லமுத்தன்பட்டி வழியாக ஏழு கிலோமீட்டர், அப்புறம் காற்றாலை நிற்கும் காடு. நல்லமுத்தன்பட்டியில் ஒரு வளைவு. மூன்று பேரும் நடந்துபோய்ப் பார்த்தோம்.

பின்னால் வரும் டிரைவர்கள் கவனிக்கவும். ரோடு டிரைவர் பக்கம் சதுரமாகத் திரும்புகிறது. திரும்பும்போது இறக்கையின் நுனி கிளீனர் பக்கம் வீசும். அங்கே முப்பிடாதி என்ற அம்மாளின் வீடு. காம்பவுண்டுக்கு மேலே நுனி போய்விடும், வீட்டுச் சுவருக்குத்தான் இடம் பற்றாது. நாடாவைப் பிடித்து அளந்தோம். எல்லாம் சரியாக அமைந்தால் ஒன்றேகால் அடி மிச்சம்.

முப்பிடாதி அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏங்க, பீடி சுத்தி, பதினோரு வருசமா கட்டின வீடு. போன மாசந்தான் மாடிக்குப் பூச்சு பூசினேன். உங்க காத்தாடி இடிச்சா என்ன சொல்லுவிய?"

"இடிக்காதுங்" என்றேன்.

"நீங்க பாத்து ஓட்டுவியளா?"

"நான் பாக்க முடியாதுங். திரும்பிட்டா கண்ணாடியில இறக்கை வயிறு மட்டுந்தான் தெரியும். இவரு பாப்பாருங்" என்று பொங்கியண்ணனைக் காட்டினேன்.

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவர நம்பலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் பொங்கியண்ணன் ஆடு ஒன்றைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "நம்பலாமுங்" என்றேன்.

ஜனவரி 29, திங்கள்
நல்லமுத்தன்பட்டி

காலை ஒன்பது மணிக்கு ஊரே ரோட்டுக்கு வந்துவிட்டது. தரையில் நின்றால் சக்கரமும் நுனியும் ஒரே நேரத்தில் தெரியவில்லை என்று பொங்கியண்ணன் ரிமோட் பெட்டியோடு முப்பிடாதி அம்மாள் வீட்டு மாடியில் ஏறிவிட்டார். அந்த அம்மாளும் கூடவே ஏறினார். சூசை முன்னால் நின்று, ரோட்டோரக் கிணற்று மேட்டில் வண்டி முட்டாமல் பார்த்துக்கொண்டார்.

முதல் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அரை அடி, நிறுத்து. கிளீனர் பக்கம் ஓரடி, நிறுத்து. முன்பாதி வளைவைத் தாண்டியது. கண்ணாடியில் கடைசியாகப் பார்த்தபோது இறக்கையின் வெள்ளை, வீட்டுச் சுவரின் நீலத்தைத் தொடுவது போலத் தெரிந்தது. அதன் பிறகு வெள்ளை மட்டும்தான்.

"ரெண்டடி முன்னால வரலாம்" என்று மாடியிலிருந்து குரல்.

நான் நகரவில்லை.

"ரெண்டடி முன்னால. இடம் இருக்குது."

கால் ஆக்சிலேட்டருக்குப் போகவில்லை. நான் கண்ணால் பார்த்தது இடிக்கும் என்கிறது. அவர் இடிக்காது என்கிறார். பொய்யாக இருந்தால் என் வண்டி போச்சு, அவர் வேலை போச்சு, அந்த அம்மாளின் பதினோரு வருஷம் போச்சு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷன் என்னிடம் இன்றுவரை ஒரு பொய் சொன்னதில்லை. மூஞ்சிக்கு நேராகக் கேட்பார், நோட்டில் எழுதுவார், ஆனால் பொய் சொல்லமாட்டார். பொய் சொன்னவன் நான். நான்கு வருஷமாக, கேட்டவர்களிடமெல்லாம், போன வாரம் சூசையிடம்கூட. அதை வயிற்றில் வைத்துக்கொண்டு, அவர் வார்த்தையை நம்பி வண்டியை நகர்த்த எனக்குக் கூச்சமாக இருந்தது.

பொத்தானை அழுத்தினேன்.

"மாப்ள."

பொத்தானை விடாமல் சொன்னேன்.

"மாப்ள, அன்னிக்கு டயர் வெடிக்கலீங். ஓமலூர்ல சர்வீஸ்ல வண்டியக் கழுவிட்டிருந்தேன். புது வண்டி. புள்ளையத் தூக்கி அதுல உக்கார வெச்சு ஊரச் சுத்தி ஓட்டிக் காட்டோணும்னு ஆசை. மாலை கட்டச் சொல்லி, அது வர வரைக்கும் நின்னுட்டேன். நேரம் போனது தெரியலீங்."

வாக்கி டாக்கி கரகரத்தது. முப்பிடாதி அம்மாளின் குரல்தான் முதலில் வந்தது. "ஏங்க, என்ன டயருங்காரு? எங்க வீட்டுல இடிச்சிட்டாரா?"

அப்புறம் பொங்கியண்ணன். "அது ஊருக்கே தெரியுமுங் மச்சான். நீங்க இப்ப ரெண்டடி முன்னால வாங்."

வந்தேன். ரெண்டடி. அழுகை வந்துவிட்டது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் துடைக்க முடியாது, அப்படியே ஓட்டினேன். "வாங் மச்சான், வாங், வாங், இன்னும் அரை அடி, நில்லுங். டிரைவர் பக்கம் நேர் பண்றேன். வாங்." பதினெட்டு நிமிஷம். கடைசியில் ஊர்ச் சனம் போட்ட சத்தத்தில்தான் நுனி வெளியே வந்துவிட்டது என்று தெரிந்தது.

இறங்கிப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். பூச்சு அப்படியே இருந்தது. முப்பிடாதி அம்மாள் எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். பொங்கியண்ணனிடம், "நீரு கெட்டிக்காரருதான்" என்றவர், என் பக்கம் திரும்பி, "இனிமே வண்டியப் பெறகு கழுவும்" என்றார்.

சூசை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரமாக டயருக்காகப் பரிதாபப்பட்ட மனிதர். அவர் கோபம் நியாயம்தான். சாயங்காலம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க" என்றார்.

ஜனவரி 30, செவ்வாய்
காற்றாலைக் காடு

இன்ஜினியர் இறக்கையை அடி முதல் நுனி வரை கையால் தடவிக்கொண்டே நடந்தார். ஐம்பத்திரண்டு நிமிஷம். நான் கூடவே நடந்தேன். கீறல் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டேனியல் சார் போன் செய்து, "வண்டி உங்களுக்குத்தான் செங்கோட்டுவேல். வெள்ளிக்கிழமை யார்டுக்கு வந்துடுங்க, ரெண்டாவது பிளேடு ரெடி" என்றார். இதற்காக இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். போனை வைத்ததும் இறக்கையை இன்னொரு தடவை நுனி வரை நடந்து பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இறக்கைக்காக நீட்டியிருந்த டிரெய்லரைப் பழையபடி சுருக்கிக்கொண்டிருந்தபோது பொங்கியண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சான், சின்னவளுக்கு மூணு நடக்குதுங்."

"தெரியுமுங் மாப்ள."

"இன்னும் காது குத்தலீங்."

ஏன் என்று கேட்டேன்.

"உங்க தங்கச்சி ஒத்துக்கலீங். போன வருசமே எங்கம்மா நாள் குறிச்சாங்க. 'எங்கண்ணன் மடி இருக்கயில இன்னொருத்தன் மடியில எம்புள்ளய உக்கார வெக்க மாட்டேன்'னு சண்டை போட்டு நிறுத்திப்போட்டா. நான் உங்ககிட்ட வந்து சொல்லோணுமாம். எனக்கு வீம்பு, வரல." பட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "வர்ற ஞாயித்துக்கிழமை நல்ல நாளுங்."

நான் கோபமாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்த நான்கு வருஷமும் என் தங்கை எனக்காக இடம் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

டேனியல் சாரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை முடிந்துதான் வருவேன், இரண்டாவது இறக்கையை வேறு யாராவது கொண்டுபோகட்டும் என்றேன். "முதல் டிரிப் முடிச்ச அன்னிக்கே லீவா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்சம் திட்டினார். மூன்றாவதுக்கு வந்துவிட வேண்டும் என்றார். வழிக்குறிப்புகளை மட்டும் வேறு நோட்டில் எழுதி, வரப்போகிற டிரைவருக்கு அனுப்பிவிட்டேன். இந்த நோட்டு என்னிடமே இருக்கட்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு
அண்ணமார் கோயில்

ஒன்பது மணிக்குத்தான் காது குத்து. பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தேன். விடிந்தும் விடியாமல் ஆறு மணிக்குக் கோயில் வாசலில் யாரும் இல்லை. கேட்டு பூட்டியிருந்தது. துண்டை விரித்துப் படியில் உட்கார்ந்தேன்.

ஆறரைக்குச் சாவியோடு பூசாரி வந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"யாருங் அது, இந்நேரத்துல?"

"இன்னிக்குக் காது குத்துற புள்ளைக்குத் தாய்மாமனுங்" என்றேன்.